இலை விரியும் முன்னே

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைக்காட்டில் ஏப்ரல் மாதம் பூப் பார்க்கப் போகிறவர்கள் குனிந்துதான் நடக்கிறார்கள். மேலே மரங்கள் தளிர்த்து நிழல் கட்டுவதற்குள் சில வாரங்கள் வெயில் தரைவரை இறங்கும். அந்த அவகாசத்துக்குள் சின்னச் செடிகள் பூத்துக் காய்த்துவிட வேண்டும். கோடையில் போனால் பலவற்றின் சுவடுகூட இருக்காது.

அவற்றில் வெள்ளை டிரில்லியம் என்ற செடியின் முன் மட்டும் சற்று நேரம் உட்கார்ந்துவிட வேண்டும். மூன்று இலை, மூன்று பச்சைப் புல்லி, மூன்று வெள்ளை இதழ். நாளாக ஆக வெள்ளை மெல்ல ரோஜா நிறத்துக்கு மாறும். விதை முளைத்து முதல் பூ வருவதற்கு 7 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதில் எறும்பின் பங்கு. விதையோடு ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகள் அதைப் புற்றுக்கு இழுத்துப் போகின்றன. தின்றதுபோக விதையைப் போட்டுவிடுகின்றன. அது அங்கே முளைக்கிறது. எறும்பு எவ்வளவு தூரம் சுமக்கும்? பெரும்பாலும் சில அடிதான். அதனால் ஒருமுறை காட்டை அழித்து உழுதுவிட்டால், மரங்கள் திரும்ப வளர்ந்த பிறகும் இந்தப் பூ வந்து சேர வெகுகாலம் பிடிக்கிறது. அழகாக இருக்கிறதே என்று இலையோடு கிள்ளிவிட்டால், அடுத்த ஆண்டுக்கு உணவு சேர்க்க அந்தத் தண்டில் வேறு இலை கிடையாது.