ப்ரஹ்லாதாழ்வானுக்குக் கற்பித்தவர் யார்?

ஞானம் புறத்தேயிருந்து வந்து சேர்வதா, அன்றி உள்ளத்திலேயே உறைவதா என்னும் வினாவை வேதாந்த நூல்கள் விரிவாக ஆராய்கின்றன. ஹிரண்யகசிபுவோ தன் குமாரனுடைய ஆசிரியர்களை அழைத்துச் சினத்தோடு அதையே கேட்டான். அடியார்கள் பன்முறை செவியுற்ற சரித்திரமேயாயினும், இவ்விடம் நின்று சிந்திக்கத் தக்கது.

ஐந்து பிராயத்துப் பாலகனை மடியில் இருத்திக்கொண்டு, கற்றவற்றுள் நன்றாய்க் கற்றதைச் சொல்லென்று தந்தை பரிவோடு வினவ, குழந்தை நவவித பக்தியை எடுத்துரைத்தது. அவ்வொன்பதில் முதலாவது கேட்டல், இரண்டாவது பாடுதல். சினந்த அரசனிடம் ஆசிரியர்கள், "இதனை நாங்களும் கற்பிக்கவில்லை, பிறரும் கற்பிக்கவில்லை, இது இவனுக்கு இயல்பாயமைந்த புத்தி" என்று விண்ணப்பித்ததாக ஸ்ரீமத் பாகவதம் கூறும். அஞ்சியவர்கள் சொன்ன வார்த்தைதான். ஆயினும் பொய்யென்று தள்ள இயலாது.

வியப்பு யாதெனில், தன் அறிவு தனக்கு இயல்பு என்று ப்ரஹ்லாதன் சொல்லிக்கொள்ளவில்லை. உடன் பயிலும் சிறுவர்கள் கேட்டபோது, தாயின் கருவிலிருக்கையில் நாரத மஹரிஷியிடம் கேட்டதாகவே சொன்னான். அதே உபதேசத்தைச் செவியாரக் கேட்ட தாய் கயாது, காலப்போக்கில் மறந்துபோனாள். கருவில் கேட்ட சிசு மறக்கவில்லை. அது ரிஷியின் அநுக்ரஹம் என்கிறான் அவன்.

ஆகவே ஆசிரியர் சொன்னதும் மெய். மாணாக்கன் சொன்னதும் மெய். ஜீவன் ஞானமே வடிவானவன். விளக்குக்கு ஒளிபோல் அவனுக்குப் பண்பாயும் ஞானம் உண்டு. அது கர்மத்தினால் சுருங்கி நிற்கும் என்பது பகவத் ராமாநுஜ ஸித்தாந்தம். இல்லாத ஒளியை எவரும் கொணர்ந்து வைப்பதில்லை. சுருங்கியது மலர்வதற்கோ ஒரு குரல் வேண்டியிருக்கிறது. அதனைப் பாடி அருளியவர் வீணை ஏந்திய முனிவர் என்பதும் நோக்கத்தக்கது.

இந்தப் புதுக்கோட்டைச் சீமையிலேயே இதற்கொரு சான்று உண்டு. குடுமியான்மலைக் குடைவரையருகே, ஏழு பண்களுக்குரிய ஸ்வரக் கோவைகள் கிரந்த எழுத்தில் பாறை நிறையப் பொறிக்கப்பட்டுள்ளன. 7 அல்லது 8 ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர். ருத்ராசார்யரின் சிஷ்யரான ஒரு மன்னர் மாணாக்கர் நலனுக்காகச் செய்ததென்று கல்வெட்டே கூறுகிறது. எழுத்து இன்றும் நிற்கிறது. ஆனால் அதனை எவ்வாறு பாடினார்கள் என்பதில் அறிஞர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வாய்மொழியாகப் பாடிக் காட்டிய பரம்பரை அறுந்துபோயிற்று. கல் ஸ்வரத்தைக் காத்தது, பாட்டைக் காக்கவில்லை. திருமெய்யத்தில் ஸத்யமூர்த்திப் பெருமாள் ஸந்நிதிக்கு அருகிலுள்ள சிவன் குடைவரையில் இருந்த இசைக் கல்வெட்டோ பெரிதும் சிதைந்தே போயிற்று.

இதே சீமையில் பஜனை பத்ததி வேறுவிதமாகப் பிழைத்தது. புதுக்கோட்டை கோபாலகிருஷ்ண பாகவதரின் பாணி ஊர்தோறும் பரவியது ஏட்டினால் மாத்திரமன்று. பெரியவர்கள் பாட, மடியிலிருந்த குழந்தைகள் பொருள் தெரியாமலே கைதட்டிக் கற்றதனாலும்தான். மெலட்டூரில் ந்ருஸிம்ஹ ஜயந்தியன்று நடக்கும் ப்ரஹ்லாத சரித்திர நாடகமும், தியாகையர் 5 அங்கங்களில் இயற்றிய ப்ரஹ்லாத பக்தி விஜயமும் இக்கதையைப் பாட்டாகவே வைத்தன. வசனமாய்ச் சொன்னால் குழந்தை கதையை அறியும். பாட்டாய்க் கேட்டால் அதனோடு வளரும்.

இக்காலத்தில் கதை முடிந்தவுடன், "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று பிள்ளைகளை வினவும் வழக்கம் பெருகியிருக்கிறது. ஹிரண்யகசிபுவும் அதைத்தான் வினவினான். விடை தன் விருப்பத்துக்கு ஒவ்வாதபோது குழந்தையை மடியினின்று தள்ளினான். இன்னும் சிலர், விளங்கும் வயது வரட்டுமென்று குழந்தைகளைக் காலக்ஷேபத்துக்கே அழைத்து வருவதில்லை. விளங்கும் வயதிலிருந்தவள் கயாது.

நாரதரோ அவளுக்கு உபதேசித்தபோது, கருவிலிருந்த சிசுவையும் திருவுள்ளத்தில் கொண்டே பேசினார். ஆசிரியர்கள் இல்லறக் காரியமாய் வெளியே சென்ற வேளையில், விளையாட அழைத்த சிறுவர்களுக்கு ப்ரஹ்லாதன் அதைச் சொல்லத் தொடங்கினான். அவர்கள் விளையாட்டுக் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு, அவனைச் சூழ்ந்து அமர்ந்தார்கள்.