குடத்தின் எடை

வகுப்பறையில் நியாயம் என்பது பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் செய்வது. வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்து நிற்கும் பெண், விடிவதற்கு முன் குழாயடியில் வரிசையில் நின்றவள் என்று ஆசிரியருக்குத் தெரியும். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமப் பள்ளியில் கணக்கு நடத்திய பதினான்கு ஆண்டுகளும் நான் அப்படித்தான் செய்தேன். அவளுக்கு இடைவேளையில் பத்து நிமிடம். தம்பியை இடுப்பில் சுமந்து வருகிறவளுக்குக் கதவோரம் இடம். பாடநூல் எழுதும் குழுவுக்கு வந்தபின் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லை. இங்கே எழுதும் ஒவ்வொரு வரியும் நான் ஒருபோதும் பார்க்கப்போகாத பிள்ளைகளிடம் போகிறது. முகம் தெரியாதவர்களிடம் எப்படி நியாயமாக நடந்துகொள்வது?

குழுவில் கிடைத்த முதல் பதில், எண்ணுவது. ஆண் படம் எத்தனை, பெண் படம் எத்தனை. மருத்துவராக யார், அடுப்படியில் யார். நான் இதை ஏளனம் செய்யமாட்டேன். அப்பா 'வந்தார்', அம்மா 'வந்தாள்' என்று இரண்டு மரியாதைகளைப் பழக்கிய புத்தகங்களைப் படித்து வளர்ந்தவள் நான். விகுதியையும் சேர்த்தே எண்ணவேண்டும். கேரளத்தில் 2024இல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவுகிறார். நல்ல படம்தான்.

ஆனால் ஒன்பது வயதிலேயே உலை வைக்கும் சிறுமி அந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறாள்? இருக்கவேண்டிய உலகத்தை வரையும் அவசரத்தில், இருக்கும் உலகத்தில் அவள் செய்யும் வேலையை அழித்துவிடுகிறோம். அவளை அப்படியே வரைந்தாலோ, அது பெண்ணின் வேலை என்று அரசு முத்திரையோடு சொன்னதாகிவிடும்.

அந்த வேலையைப் படமாக வைக்காமல் கணக்காக வைக்கலாம் என்பது என் கட்சி. படத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், கணக்கைப் போட்டாகவேண்டும். 15 லிட்டர் குடம், காலையில் ஆறு நடை: தண்ணீரின் எடை மட்டும் 90 கிலோ. பெரிய வகுப்புக்கு இன்னொன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஆண்டுக்கு எத்தனை மணி நேர வித்தியாசம்? ஏறத்தாழ 1,229.

குடும்பத்துக்குள் சண்டை மூட்டுகிறேன் என்றார் ஒருவர். அதை நான் பொருட்படுத்தவில்லை. என்னைவிட இளைய தோழி ஒருத்தி கேட்டதுதான் தைத்தது: "அக்கா, குடம்னு படிச்சதும் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்க்குமே. அவ கஷ்டம் மத்தவங்களுக்குப் பாடமா?" அவள் சொன்னதில் உண்மை இருந்தது. ஒருத்தியின் இல்லாமையைக் காட்டி மற்றவர்களுக்கு நீதி போதிப்பது சாதி பழக்கிய வேலை. அதனால் கணக்கில் பெயர் வைக்கவில்லை. 'உன் வீட்டில் யார் தண்ணீர் எடுப்பது?' என்று கேட்கக்கூடாது என ஆசிரியர் கையேட்டில் எழுதினோம். அப்படியும் சில பேர் கேட்பார்கள்.

இப்போது நான் சண்டை போட்டுக்கொண்டிருப்பது வேறொன்றுக்காக. பாடத்தின் கடைசியில் வழக்கம்போல 'வீட்டில் செய்து வருக' என்று ஒரு செயல்திட்டம் இருக்கிறது: அட்டை, வண்ணப் பென்சில், ஒரு மாலைப்பொழுது. அந்த மாலைப்பொழுது யாருடையது? 40 நிமிடப் பாடவேளைக்குள் முடியாத பயிற்சி, அந்த 299 நிமிடத்தின் தலையில்தான் ஏறும். நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தரம் குறையும் என்கிறார்கள்.