கனி தின்னாத பறவை

முண்டக உபநிடதத்தில் ஒரு மரம் வருகிறது. அதில் இரண்டு பறவைகள், பிரியாத தோழர்கள். ஒன்று பழத்தைக் கொத்தித் தின்கிறது. மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டு இருக்கிறது. தின்பது சீவன் என்றும் பார்ப்பது சாட்சியாக நிற்கும் பரம்பொருள் என்றும் உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். விடிகாலையில் ஏரிக்கரையில் ஒருவர் பைனாகுலரோடு நின்று, எதையும் பிடிக்காமல், எதையும் கேட்காமல், ஒரு மணி நேரம் பறவைகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். இது வெறும் பொழுதுபோக்கா, வழிபாட்டுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கதா? பின்னதுதான் என்பது என் கட்சி. அதை நிறுவ இமயத்துக்குப் போக வேண்டியதில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாலுகாவில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் பெருமாட்டி ஊராட்சி போதும்.

பறவையை அண்ணாந்து பார்க்க நமக்கு முதலில் கற்றுக்கொடுத்தது சமயம்தான். அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அது வருமா என்று கூரையைப் பார்க்கிறோம். வானில் செம்பருந்து வட்டமிட்டால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். செம்போத்து எந்தப் பக்கம் குறுக்கே போனது என்று கவனிக்கிறோம். பஞ்சபட்சி சாத்திரம் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்ற ஐந்தை வைத்தே நாளையும் நேரத்தையும் கணிக்கிறது. மலையாளத்தில் அண்டங்காக்கைக்குப் பெயரே பலிக்காக்கை. ஒரு சடங்கு ஒரு பறவைக்குப் பெயராகிவிட்டது. இந்தக் கவனத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமில்லை. பறவையை ஒரு பொருட்டாக மதித்த மரபு அது. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. காக்கையைப் பார்க்கும்போது நாம் தேடுவது நம் முன்னோரின் மனநிறைவை. செம்போத்தைப் பார்க்கும்போது போகிற காரியத்தின் பலனை. பறவை ஒரு தபால்காரர்போல வந்து போகிறது. கடிதம் கைக்கு வந்ததும் கொண்டுவந்தவர் முகம் மறந்துவிடுகிறது. கனி தின்னும் பறவையின் பார்வை அது.

கேட்காமல் பார்ப்பதற்குப் பழக்கம் வேண்டும், பழக்கத்துக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் வீட்டருகே இருப்பதே நல்லது என்பேன். தொலைவிலுள்ள சரணாலயத்துக்கு ஒரு நாள் போகிறவர் அரிய பறவையைத் தேடுகிறார். தேட்டம் இருக்கும் இடத்தில் கேட்பதும் இருக்கிறது. பெருமாட்டிப் பக்கத்து நிலம் மழை குறைந்த நிலம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற வயல், தென்னந்தோப்பு, வரப்பில் பனை, தெற்கே முதலமடையின் மாந்தோப்புகள், மீன்கரை அணையின் நீர்ப்பரப்பு. ஒரே ஒரு பனையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்து தொங்கும் மட்டையின் ஓலையில் தன் எச்சிலால் கூட்டை ஒட்டிவைக்கும் பனை உழவாரன். மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடை. ஓலை நுனியில் தூக்கணாங்குருவி. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், எத்தனை பறவை, என்ன செய்தது என்று எழுதினால் போதும்; பெயர் தெரியாவிட்டால் உருவத்தை எழுதலாம். தகைவிலான்கள் மின்கம்பியில் வந்து உட்காரும் மாதமும், வாலாட்டிகள் வரப்பை விட்டுப் போகும் மாதமும் ஓராண்டில் உங்களுக்கே தெரிந்துவிடும். இப்படிப் பார்த்து எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கேரளத்தின் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் 1958-இல் பெருநூல் எழுதிய இந்துசூடன் என்னும் கே.கே. நீலகண்டன் இதே பாலக்காட்டு மாவட்டத்துக் காவசேரியில் பிறந்தவர். அவர் நினைவாகத்தான் சூலனூர் மயில் சரணாலயத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெயர் வைப்பதும் பட்டியல் போடுவதும் உடைமையாக்கும் ஆசையின் இன்னொரு வடிவம்தானே என்று கேட்கலாம். இருநூறு வகை பார்த்தேன் என்று சொல்லும்போது தொனிப்பது பெருமிதம், துறவு எங்கே? கேள்வி நியாயமானது. எண்ணிக்கைக்காக ஓடுகிறவர் கனியைத்தான் கொத்துகிறார். ஆனால் பெயர்கள் எப்படிப் பிறந்தன என்று பாருங்கள். ஆள் வந்ததும் கத்தி ஊரைக் கூட்டுவதால் ஆள்காட்டி. தொங்கும் கூடு கட்டுவதால் தூக்கணாங்குருவி. யாரோ பல நாள் பொறுமையாகப் பார்த்ததன் சேமிப்பு அந்தப் பெயர்கள். பெயர் கேட்டதே ஒருவரைப் பார்ப்பவராக்கியதும் உண்டு. பறவையியலாளர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இதைத் தின்னலாமா, இது என்ன குருவி என்ற ஐயத்தோடு மாமாவிடம் போனார்; மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். தின்னத் தகுமா என்ற சமயக் கேள்வியில் தொடங்கி, பார்ப்பதிலேயே ஒரு முழு வாழ்க்கை கழிந்தது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. அது சரியென்றால், தினமும் பிறிதோர் உயிரைக் கூர்ந்து பார்ப்பவர் பார்த்தபடியே இருந்துவிட முடியாது. அந்த உயிரின் பசியும் அச்சமும் கொஞ்சமாவது அவருக்குள் இறங்கும். வள்ளலார் சீவகாருண்யம் என்றதற்கு இதுவே வாசற்படி என்று நினைக்கிறேன். பாராத உயிருக்கு யார் இரங்க முடியும்?

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. உலகம் எரியும்போது சாட்சியாக நிற்பது வசதியுள்ளவர் ஆன்மிகம். மயில் விதைப்பை நாசம் செய்யும்போது உழவருக்கு அதன் தோகை எதற்கு? முருகன் வாகனம் என்று கும்பிட்டாலும் உழவரின் நட்டம் நட்டம்தான். இதற்கு விடை ‘சாட்சி’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. வேதாந்தத்தில் பற்றின்றிப் பார்ப்பவர் சாட்சி. நீதிமன்றத்தில் கண்டதைச் சொல்பவரும் சாட்சி. வழக்கில் ஆதாயம் தேடாதவர் சொல்லுக்கே அங்கு மதிப்பு அதிகம். நல்ல சாட்சி மயில் வந்ததை எழுதுவதைப் போலவே அது தின்ற நெல்லையும் எழுதுவார். 

இந்த இரண்டாவது பொருளை நாட்டுக்கே காட்டியது பெருமாட்டிதான். இந்த ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000-இல் கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீரின் சுவை மாறியதை, அதில் சோறு பழையபடி வேகாததை, அன்றாடம் நீர் இறைத்த பெண்கள் கண்டுகொண்டார்கள். மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண் முன்னின்ற போராட்டம் 2002-இல் எழுந்தது. ஊராட்சி 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. சேதம் 216 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த குழு 2010-இல் மதிப்பிட்டது. அந்தப் பெண்கள் கையில் இருந்த முதல் ஆதாரம், தங்கள் கிணறு நேற்று எப்படி இருந்தது என்ற நினைவு. பறவைக்கும் அப்படி நேற்றைச் சொல்ல ஆள் வேண்டும். 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதும் தன்னார்வலர்கள் கட்டம் கட்டமாக நடந்து, மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் பறவைகளைக் கணக்கெடுத்து ஒரு வரைபடத் தொகுப்பை உருவாக்கினார்கள். ஒரு பறவை நாளை குறைந்தால், குறைந்தது என்று சொல்ல அது உதவும். உங்கள் வீட்டருகே நிற்கும் அந்த ஒரு பனைக்கு அப்படி யாரும் இல்லை.

வருகிற அமாவாசையில் சோற்றை வைத்ததும் உள்ளே போய்விடாதீர்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். வந்தது கழுத்து சாம்பல் நிறமாயிருக்கும் ஊர்க்காக்கையா, உடல் முழுதும் கருத்த அண்டங்காக்கையா, எத்தனை வந்தன, எது முதலில் இறங்கியது என்று பாருங்கள். பார்த்ததை அன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள்.