சின்ன வாசல்

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க அக்காவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. அறிக்கையின் கடைசி வரியில் மட்டும் கணைய நாளங்கள் பிரிந்திருப்பதாகவும், அது பிறவிக் குறைபாடு என்றும் இருந்தது. அன்றிரவு போன் செய்தாள். "அம்பத்திரெண்டு வருஷம் நல்லாத்தானடா இருந்தேன்? இப்ப வந்து நான் பொறந்ததே கோளாறுங்கிறாங்களா?"

அவளுக்கு விளக்கப்போய் நான்தான் மாட்டிக்கொண்டேன்.

கணையநீர் சிறுகுடலுக்குள் விழ இரண்டு வாசல்கள் உண்டு. பெரியது பித்தநீரோடு பகிர்ந்துகொள்வது. அதற்குச் சுமார் 2 சென்டிமீட்டர் மேலே இருக்கும் சிறு மேட்டில்தான் மற்றது. அதில் வந்து முடியும் நாளத்துக்கு இத்தாலியரான சாந்தோரினியின் பெயர். 1737இல் இறந்த அவருடைய படங்கள் 1775இல்தான் அச்சேறின. மருத்துவம் அதைத் 'துணை நாளம்' என்கிறது.

ஆனால் கருவில் கதை வேறு. கணையம் இரண்டு மொட்டுகளாக முளைக்கிறது. முதலில் வருவதும் பெரியதும் பின்மொட்டுதான். அதன் வாசல்தான் இந்தச் சின்ன வாசல். ஏழாவது வாரம் வாக்கில் மொட்டுகள் ஒட்டுகின்றன. நாளங்களும் இணைந்ததும், பெரும்பாலானோருக்கு நீர் மற்ற வாசலுக்குத் திரும்பிவிடுகிறது. மூத்தது துணையாகிவிடுகிறது. சிலருக்கு நாளங்கள் இணைவதே இல்லை. அவர்களுக்குக் கணையநீரின் பெரும்பகுதி கடைசிவரை சின்ன வாசல் வழியாகத்தான் போகிறது. அக்கா அந்த ரகம்.

நுண்ணோக்கியில் அந்த மேட்டைப் பார்த்தால் தசைநார்க் கற்றைகள், சளிச் சுரப்பிகள் தெரியும். பலரிடம் கணையத் திசுவே சிறு தீவுகளாய் அங்கே உட்கார்ந்திருக்கும். 'குறைபாடு' என்ற சொல் எந்தக் கண்ணாடித் தகட்டிலும் தெரியாது. அது நாம் எண்ணிப் பார்த்து, அதிகம் பேரிடம் இருப்பதைச் சரி என்று வைத்துக்கொண்டதால் வந்தது.

அதற்காக எல்லாமே வெறும் வேறுபாடு என்று தத்துவம் பேசிவிட முடியாது. வாசல் குறுகலாக இருந்து நீர் தேங்கி, கணைய அழற்சியில் துடிப்பவர்களும் உண்டு. அவர்களிடம் 'நீங்கள் வித்தியாசமானவர்' என்றால் அது கொடுமை. ஆக, குறை என்று சொல்லும் உரிமை யாருக்கு? எண்ணிக்கைக்கு இல்லை, வலிக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வலி பேசாத இடத்தில் அறிக்கை முந்திக்கொள்ளக் கூடாது.

அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உனக்குப் பழைய வாசலே இன்னும் ஓடுதுக்கா" என்றேன்.

"அப்படின்னா பூட்டிடாம இருக்கச் சொல்லு" என்றாள்.