ஐயம் யார் பக்கம்?

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் வைப்போர் பலர், வாசிப்போர் சிலர். அதில் 'அவசர சிகிச்சை' என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் இருக்கும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்தது அது. நோயின் அறிகுறிகள் திடீரெனவும் எதிர்பாராமலும் தோன்றியிருக்க வேண்டும். மரணத்தையோ உடல்நலத்திற்கு நேரும் நீண்டகாலக் கடுங்கேட்டையோ தடுக்க மருத்துவரின் உடனடிக் கவனிப்பு தேவைப்பட வேண்டும். இவ்வளவுதான். ஆயினும் 'திடீரென', 'எதிர்பாராமல்' என்னும் இரு சொற்களுக்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய வரையறைகளை இரக்கமற்றவை என்று ஒதுக்குவது எளிது, சரியன்று. எல்லை குறிக்கப்படாத கடமை எவரையும் கட்டுவதில்லை. 1989இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பரமானந்த் கட்டாரா வழக்கு இதற்குச் சான்று. கார் மோதி வீழ்ந்த ஸ்கூட்டர் ஓட்டி ஒருவரை வழிப்போக்கர் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்தோர், காவல்துறை வழக்காகக்கூடிய காயங்களைக் கவனிக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினர். அவர் வழியிலேயே உயிர்நீத்தார். விதிமுறை காக்கப்பட்டது, மனிதர் காக்கப்படவில்லை. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பதே முதற்கடமை, சட்ட நடைமுறைகள் பின்னரே என்று நீதிமன்றம் தெளிவாக உரைத்தது. நடுவண் அரசின் 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டமும் அவசர நிலை இன்னதென வரையறுத்து, அந்நிலையில் வருவோரின் உடல்நிலையை, தன்னிடமுள்ள வசதிக்கு ஏற்ப, நிலைப்படுத்துவது மருத்துவமனையின் கடமை என்கிறது. வரையறை இங்கே ஏழைக்குக் கிடைத்த பிடிமானம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது. வியர்க்கிறது. வீட்டார் பதறி ஆட்டோ பிடித்து ஓடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து, இதயத்தில் கோளாறில்லை, வாயுத் தொல்லைதான் என்கிறார் மருத்துவர். நடந்தது அவசரமா, இல்லையா? முடிவை வைத்துப் பார்த்தால் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை வைத்துப் பார்த்தால் ஆம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் முடிவைக் காட்டிப் பணம் தர மறுத்தபோது, பெரும் வழக்காடல்களுக்குப் பின் சட்டம் தலையிட்டது. முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் 1997இலும், தனியார் காப்பீட்டில் 2010இலும் புதிய அளவுகோல் வந்தது. மருத்துவம் பற்றிப் பொதுவான அறிவுள்ள ஒரு விவேகமான மனிதர் அந்த நேரத்தில் என்ன நினைத்திருப்பாரோ அதுவே அளவு. ஐயத்தின் சுமை நோயாளியின் தோளிலிருந்து இறக்கப்பட்டது. அறநெறி நோக்கில் இதைப் பெரிய மாற்றமாகவே நான் கருதுகிறேன்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், பதினெட்டு ஆண்டுகள் கூனியிருந்த பெண்ணை ஓய்வுநாளில் இயேசு குணமாக்குகிறார். தொழுகைக்கூடத் தலைவர் சினங்கொள்கிறார். வேலை செய்ய ஆறு நாள்கள் உண்டே, அந்நாள்களில் வரலாகாதா என்பது அவர் வாதம். அவரைக் கொடியவராகச் சித்திரிக்கும் மறையுரைகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உயிருக்கு ஆபத்து என்னும் ஐயம் இருந்தாலே ஓய்வுநாளை மீறலாம் என்பது யூத மரபு. மிஷ்னா நூல் அதைப் பதிவு செய்துள்ளது. பதினெட்டு ஆண்டுக் கூன் ஓர் இரவில் உயிரை வாங்காது. காப்பீட்டுப் பத்திரத்தின் மொழியில் சொன்னால் அது திடீரென வந்ததுமன்று, எதிர்பாராததுமன்று. இயேசுவும் அதை அவசரம் என்று நிறுவ முற்படவில்லை. ஓய்வுநாளில் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா என்று கேட்கிறார். தாகமும் உயிராபத்தன்று. இருப்பினும் மாலைவரை பொறுத்திரு என்று மாட்டிடம் எவரும் சொல்வதில்லை. பொறுத்திருக்கச் சொல்லப்படுபவர் யார் என்பதை அவர் கவனிக்கச் செய்கிறார்.

திருச்சபையும் இந்தப் பாடத்தை மெதுவாகவே கற்றது. அவஸ்தை பூசுதல் என்று பெயரிட்டு, மூச்சு இழுக்கும் வேளைக்கென அந்த அருளடையாளத்தை ஒதுக்கியிருந்தோம். நோயில்பூசுதல் என்னும் பெயரே பொருத்தம், சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று எனச் சங்கம் 1963இல் கூறியது. (பங்குத்தந்தையைக் கண்டதும் "அப்படியா ஆகிவிட்டது?" என்று நோயாளியின் முகம் வெளிறுவது இன்னும் நின்றபாடில்லை.) 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1005ஆம் எண் இன்னும் ஒரு படி செல்கிறது: நோய் ஆபத்தானதா என்றோ, ஏன், உயிர் பிரிந்துவிட்டதா என்றோ ஐயம் எழுந்தாலும் பூசுக. ஐயம் நோயாளியின் பக்கம்.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவின் தலைப்பில் 'நல்ல சமாரியர்' இடம்பெற்றுள்ளார். விபத்தில் சிக்கியவருக்குக் கைம்மாறு கருதாமல் நல்லெண்ணத்தோடு உதவுபவர்மேல் வழக்குத் தொடுக்கலாகாது என்கிறது அப்பிரிவு. வேண்டிய சட்டம்தான். ஆனால் உவமையில் இன்னொருவரும் உண்டு: சாவடிப் பொறுப்பாளர். சமாரியர் அவருடன் செய்துகொண்டது ஓர் ஒப்பந்தமே. முன்பணம் இரண்டு தெனாரியம், அதாவது ஒரு தொழிலாளியின் இரண்டு நாள் கூலி. அதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்கு. எத்தனை நாள், எவ்வளவு தொகை என்ற வரம்பில்லை. காயம் எவ்வாறு நேர்ந்தது என்ற விசாரணையில்லை. முன்பின் அறியாத ஒரு சமாரியரின் அந்த வாக்கைச் சாவடிப் பொறுப்பாளர் நம்பினாரா என்பதை லூக்கா நமக்குச் சொல்லவில்லை.