அடுப்படி வினையில் யாருக்குப் பங்கு?

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குப் பெரம்பலூர் வந்திருந்த எங்கள் பேரன், தன் பிறந்தநாளுக்குக் கேக் வேண்டும் என்று கேட்டான். இக்காலத்தில் நம் குடும்பங்களில் இக்கேள்வி எழாத வீடு அரிது. ஊரிலுள்ள கடை ஒன்றில், முட்டை சேராதது என்று அவர்கள் சொன்னதை நம்பி, முன்பு ஒருமுறை வாங்கியிருந்தோம். உண்டு முடித்த பிறகே இருவகைக்கும் தட்டும் தூரிகையும் ஒன்றே என்பது தெரியவந்தது. ஆகவே இம்முறை வீட்டிலேயே செய்துவிடுவதென்று தீர்மானித்தோம்.

ஓவன் எங்களிடம் இல்லை. குக்கரின் அடியில் ஓர் அங்குல உயரத்திற்கு மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, நெய் தடவிய தகரக் கிண்ணத்தில் மாவை ஊற்றி, மூடியின் ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, சிறுதீயில் முக்கால் மணி நேரம் வைத்திருந்தால் கேக் வெந்துவிடும். நம் தாய்மார் பலருக்குத் தெரிந்த முறைதான் இது.

முட்டையில்லாமல் மாவு உப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஈஸ்ட். அது ஓரணுப் பூஞ்சை. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அவ்வாயுவே ரொட்டியை உப்பச் செய்கிறது. அடுப்பில் வேகும்பொழுது அந்தப் பூஞ்சை மடிந்துபோகிறது. மற்றொரு வழி, தயிரும் ஆப்பச் சோடாவும். தயிரின் புளிப்பு சோடாவைத் தொட்ட கணத்திலேயே அதே வாயு பிறந்துவிடுகிறது. உயிரொன்றை வளர்த்துப் பின் கொல்ல வேண்டியதில்லை. நாங்கள் இரண்டாவது வழியையே மேற்கொண்டோம். தயிரிலும் நுண்ணுயிர் உண்டே, இட்லி மாவும் இரவெல்லாம் பொங்குகிறதே என்று கேட்பவர்க்கு எங்களிடம் தக்க விடை இல்லை. தாய் செய்து தந்தமையால் இட்லியை ஏற்றோம். கடையிலிருந்து வந்தமையால் ரொட்டியை ஐயுற்றோம் என்பதே உண்மை. புளிப்பேறிய பண்டத்தில் உயிர் தோன்றும் என்று நம் ஆசாரியர்கள் சொன்னதைக் கொண்டு, அவர்கள் நுண்ணோக்கியை முன்பே கண்டவர்கள் போல மேடையில் முழங்குவோரும் நம்மிடையே உளர். அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியிலும் மூன்று நாள் மாவு இருக்கத்தான் செய்கிறது.

கோதுமை மாவு முந்தின நாள் அரைத்தது. அரைத்த மாவிற்கு மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள் என்று நம் முன்னோர் வரையறுத்த எல்லையை இயன்றவரை காத்து வருகிறோம். தயிர் அன்று காலை தோய்ந்தது. சர்க்கரைக்குப் பதில் வெல்லம். எல்லாம் முறைப்படி அமைந்ததில் எங்களுக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

மணல் கொண்டுவந்தவர் அவர். அடுத்த மனையில் வீடு கட்டக் குவித்திருந்த மணலில், உரியவரைக் கேட்டு ஒரு வாளி எடுத்துவந்தார். முழங்கால் வலியால் எமக்குக் குனிய இயலாது. ஆதலால் குக்கரில் கொட்டிப் பரப்பியவரும் அவரே. அவர் மணலைச் சலிக்கவில்லை. சலித்தாயிற்றா என்று கேளாமல் அடுப்பை மூட்டியது எம் கை.

மணல் சூடேறும்வரை மாவைக் கலந்துகொண்டிருந்தோம். கிண்ணத்தை வைப்பதற்காக மூடியைத் திறந்தபொழுது, குக்கரின் உட்சுவரெங்கும் சிற்றெறும்புகள் கருகி ஒட்டிக் கிடந்தன. வெளியேற வழிதேடி மேலேறியவை அவை. பேரனும் எட்டிப் பார்த்தான். சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு, "பாட்டி, இது முட்டை போடாத கேக்தானே?" என்று கேட்டான்.

அன்று கேக் செய்யவில்லை. இரவு அவன் உறங்கிய பிறகு எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. "கொல்ல வேண்டும் என்றா மணல் கொண்டுவந்தேன்? இது ஆரம்ப ஹிம்சைதானே!" என்றார் அவர். இல்லறத்தார் முழுவதும் விடவேண்டியது சங்கல்ப ஹிம்சையை மட்டுமே; சமைத்தல், பெருக்கல் முதலிய இல்லப்பணியில் நேரும் ஆரம்பம், பிழைப்பில் நேரும் உத்யோகம், தற்காப்பில் நேரும் விரோதம் ஆகிய மூன்றும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டியவை என்பது நாம் அனைவரும் சிறுவயதிலேயே கேட்டறிந்தது. அவர் சொன்னதில் பிழையில்லை. எனினும் அடுத்து அவர் சொன்ன ஒரு சொல்லே அன்று உறங்கவிடாமல் செய்தது. "அடுப்பை மூட்டியது நீதானே" என்றார்.

உரல், திரிகை, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம் ஆகிய ஐந்தும் இல்லத்தில் உயிர்கள் மாளும் இடங்கள் என்று நூல்கள் கூறும். இவற்றுள் ஆடவர் கை பட்டது எது? ஐந்தும் தலைமுறை தலைமுறையாகப் பெண்டிர் கையிலேயே இருந்து வந்துள்ளன. எங்கள் இளமையில், வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து ஸ்வாத்யாயம் செய்வார்கள். நூலில் எறும்புக்குத் தீங்கு செய்யலாகாது என்று வரும். உள்ளே அடுப்படியில் அவர்களுக்காக விறகைத் தட்டித் தட்டி எறும்பை உதிர்த்துக்கொண்டிருப்பவள் ஒருத்தி. பொழுது சாயுமுன் அவர்கள் உண்டு எழுவதற்காக, பிற்பகல் வெயிலில் புகையோடு போராடுபவளும் அவளே. இராவுணவு நீத்த புண்ணியம் அவர்களுக்கும், அடுப்பு மூட்டிய வினை அவளுக்கும் என்று பிரித்துவிட முடியுமானால், நம் இல்லறம் ஒரு விந்தையான வாணிகமாகிவிடும்.

ஆனால் நம் நூல் அப்படிப் பிரிக்கவில்லை. ஜபமாலையில் ஏன் 108 மணிகள் என்று பிள்ளைகள் கேட்டால் ஒரு கணக்குச் சொல்வோம். செய்ய நினைத்தல், கருவி கூட்டுதல், செய்யத் தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என மூன்று. சினம், செருக்கு, மாயம், பற்று என நான்கு. பெருக்கினால் 108. உமாஸ்வாமி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரத்தில் வினை வரும் வாயில்களாகக் கூறியவை இவை. பல ஆண்டுகள் வகுப்பறையில் பெருக்கல் வாய்பாடு கற்பித்தும், இந்தப் பெருக்கலில் அந்த மூன்றாவது மூன்றை நின்று பார்த்ததில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல். மணல் கொண்டுவந்தவர் கருவி கூட்டினார். மூட்டிய கை தொடங்கிற்று. கேக் வரட்டும் என்று முன்னறையில் காத்திருந்தவர்கள் உடன்பட்டார்கள். உண்பவன் இலை முன் அமர்ந்துவிட்டாலே அடுப்படியில் நுழைந்தவனாகிறான்.

இதைச் சொன்னபொழுது அவர் மறுக்கவில்லை, நெடுநேரம் பேசவுமில்லை. பிறகு, "அப்படியானால் அரியலூர்க் கணக்கில் உனக்கும் பங்குண்டே" என்றார்.

இதை எதிர்பார்க்கவில்லை. அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல்லை நம்பிப் பல சிமெண்டு ஆலைகள் இயங்கி வருவதை அனைவரும் அறிவர். அத்தகைய ஆலை ஒன்றில் அவர் ஓய்வுபெறும்வரை கணக்கெழுதினார். எத்தனை டன் கல் வெட்டப்பட்டது, வெடிமருந்து எவ்வளவு செலவாயிற்று என்பவையெல்லாம் அவர் பேரேட்டில் ஏறியவை. நிலத்தைப் பிளக்கும் தொழிலைச் சிராவகர் தவிர்க்கத்தக்கவற்றுள் வைத்துச் சொல்லும் நூல்களும் உண்டு. வெடி வைக்கும்பொழுது அந்த மண்ணில் வாழும் பூச்சி புழுக்களின் நிலையை அவர் அறியாதவரல்லர். வீட்டில் சொன்னதில்லை, அவ்வளவே. மாதம் பிறந்தால் அச்சம்பளத்தில் அரிசி வந்தது, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் சென்றது. அடுப்படி வினையை அவர் நினையாதது போலவே, சுரங்க வினையை நாம் நினைத்ததில்லை. ஐம்பதாண்டுகள் ஒருவர் மற்றவருடைய கைகளை அழுக்காக்கி, தம் கைகளைத் தூயன என்று எண்ணி வாழ்ந்திருக்கிறோம்.

எனில், இல்லறத்தை விட்டு விலகுவதுதான் வழியோ? அது துறவியர்க்கு. சமைக்காமலும் சம்பாதிக்காமலும் இல்லறம் நில்லாது. துறவியர்க்கு ஆகாரம் தருவதும் அந்த அடுப்பிலிருந்துதான். கேக்கே வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று ஒரு பெரியவர் எங்களிடம் கூறினார். அதை ஏற்க எமக்கு மனமில்லை. குழந்தையின் மகிழ்ச்சியை வீண் என்று தள்ளிவிட்டால், அவன் வளர்ந்து வெளியே போய் முட்டைக் கேக்கையே உண்பான். அத்துடன் நம் நெறி வறண்டது என்றும் சொல்வான். உமாஸ்வாமி ஆசாரியர் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், கவனமின்மையோடு கூடி உயிரைப் போக்குதல் என்று வைத்தார். எங்கள் பிழை கேக் செய்ததில் இல்லை. ஒரு சல்லடையில் இருந்தது. மூன்று அறிவுடைய எறும்பைக் காணாது விட்டு, ஓரறிவுடைய ஈஸ்டைத் தவிர்த்த பெருமையில் இருந்தோம்.

மறுநாள் காலை அவரே மணலைச் சலித்தார். சலித்ததை முற்றத்து நிழலில் மெல்லப் பரப்பி, ஒரு நாழிகை பேரனோடு அமர்ந்து பார்த்திருந்தார். ஏழெட்டு எறும்புகள் ஊர்ந்து போயின. பிறகுதான் அடுப்பு. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் செய்து கற்றல் என்று ஒரு பாடம் உண்டு. எண்பதை நெருங்கும் மாணவர் ஒருவருக்கு அது பயன்படுமென்று அன்று யாரும் சொல்லவில்லை. கேக் ஒருபுறம் சற்றுக் கருகியிருந்தது. பேரன் முழுவதையும் உண்டான்.

அதன்பின் வாரம் ஒருமுறை அவர் அடுப்படிக்கு வருவது வழக்கமாயிற்று. சென்ற தை மாதத்தில் ஒரு நாள், சோடா ரொட்டி ஒன்றைச் சுட்டுத் துணியில் பொதிந்துகொண்டு, இருவரும் சாத்தனூர் கல்மரம் பார்க்கப் புறப்பட்டோம். பெரம்பலூர் மாவட்டத்திலேயே இவ்வளவு காலம் வாழ்ந்தும் அதைக் கண்டதில்லை. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இப்பகுதிவரை இருந்தபொழுது அடித்துவரப்பட்ட மரம் மண்ணில் புதைந்து கல்லாகிக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். 1940இல் புவியியல் ஆய்வுத்துறையின் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். தொட்டால் கல்; பார்த்தால் பட்டையின் வரிகள் கூடத் தெரிகின்றன. அதனருகில் வேலிக்கு வெளியே அமர்ந்து ரொட்டியை உண்டோம். கெட்டியாக இருந்தது. "இதுவும் கல்லாகிக்கொண்டிருக்கிறது" என்றார் அவர்.

வரும் வழியில் காரைப் பகுதியின் செம்மண் ஓடைகளில் சிறிது நடந்தோம். அந்நிலமெங்கும் பழங்கடலின் எச்சங்கள் உண்டு. அரியலூரை அடுத்த வாரணவாசி அருங்காட்சியகத்தில் நத்தை போலச் சுருண்ட அம்மோனைட்டுகளைக் கண்ணாடிப் பேழையில் கண்டதிலிருந்து அவருக்கு அவற்றின்மேல் ஓர் ஆசை. முன்பு கணக்கில் டன்னாக எழுதியதன் முகத்தை அங்கேதான் முதன்முதல் பார்த்ததாகச் சொல்வார்.

வீடு வந்து பையைக் கவிழ்த்தபொழுது ரொட்டித் துணிக்குள்ளிருந்து உள்ளங்கையளவு கல் ஒன்று விழுந்தது. வரிவரியாகச் சுருண்ட துண்டு. "கல்தானே, எத்தனையோ கிடக்கின்றன" என்றார். அதில் உயிர் இல்லை. ஹிம்சை என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மனை மணலைக் கேட்டு எடுத்தவர், இதை யாரிடம் கேட்டார்? கொடாததைக் கொள்ளாமை நம் ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. இதற்குமேல் அவரை ஏதும் சொல்ல வாயெழவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை அந்தப் பையைச் சுமந்து வந்தது எம் தோள். கனம் கூடியிருந்தது தெரிந்தும், ரொட்டி தீர்ந்த பை எப்படிக் கனக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் அந்தக் கல் அலமாரியில் ஜபமாலைக்குப் பக்கத்தில் இருந்தது. பேரன் வந்தால் காட்டலாம் என்றார். பிறகு, காட்டினால் எங்கே கிடைத்தது என்று கேட்பானே என்றும் அவரே சொன்னார். பங்குனியில் ஒரு காலைப்பொழுது மீண்டும் காரைக்குப் போனோம். ஓடைகளெல்லாம் ஒன்றுபோல் இருந்தன. எடுத்த இடம் இதுதான் என்று அவர் ஒரு மேட்டைக் காட்டினார்; அது இன்னும் கீழே என்று எமக்குத் தோன்றிற்று. நெடுநேரம் தேடியும் முடிவுக்கு வர இயலவில்லை. இருவர் காட்டிய இடங்களுக்கும் நடுவில் கல்லை வைத்துவிட்டு, பொழுது சாயுமுன் வீட்டில் உலை வைக்கவேண்டுமே என்று பேருந்து நிறுத்தத்திற்கு நடந்தோம்.