இரவல் நாவு

இசை கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறேன். நான் எழுத முற்படுவது சொல்லைப் பற்றி. அதற்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு சினிமாப் படம்.

2019இல் வெளிவந்த 'கல்லி பாய்' என்ற ஹிந்திப் படம், மும்பையின் ராப் பாடகர்களான டிவைன், நேஸி ஆகியோரின் வாழ்விலிருந்து உருவானது. நேஸி என்ற நவேத் ஷேக், குர்லா பகுதி முஸ்லிம் இளைஞர். 2014இல் ஒரு ஐபேடில் தானே பதிவுசெய்து வெளியிட்ட பாடலால் அறியப்பட்டவர். ஸோயா அக்தர் இயக்கிய இப்படத்தின் நாயகன் முராத், தாராவியில் வாழும் ஒரு கார்ச் சாரதியின் மகன்.

முராத் தான் எழுதியதை, ஏற்கனவே பேரெடுத்த ஒரு பாடகனிடம் கொண்டுபோய்ப் பாடச் சொல்கிறான். அவனோ மறுத்துவிடுகிறான். எழுதியவனே பாட வேண்டும் என்பது அவன் கட்சி. அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது.

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவன் நான். போட்டி என்று வந்தால் பேச்சை நாங்களே எழுதிக் கொடுத்து மனனம் செய்விப்பது எங்கள் வழக்கம். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவிக்கு மலையகத்தின் எழில் பற்றி எழுதிக் கொடுத்தேன். பச்சைக் கம்பளம், பனித்துளி, தேயிலைத் தளிர் எல்லாம் அதில் இருந்தன. முதலிடம் கிடைத்தது. திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் கேட்டாள்:

"சேர், நான் எழுதுனதுல கொஞ்சமாவது சேத்திருக்கலாமே?"

மழை இரவுகளில் தன் அம்மா தூங்குவதில்லை, மலைப் பக்கம் காதுகொடுத்தபடியே விடிய விடிய இருப்பாள் என்று அவள் எழுதியிருந்தாள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண்சரிவு மூடியதை அறிந்த எந்தத் தாய்தான் தூங்குவாள்? நானோ அந்த வரிகளைச் சிவப்பு மையால் வெட்டி, 'தலைப்புக்குப் பொருந்தாது' என்று குறிப்பும் எழுதியிருந்தேன்.

சூரத்துஷ் ஷுஅராவின் இறுதி வசனங்கள், செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களைக் கண்டிக்கின்றன. ஆயின் ஈமானும் நற்செயலும் இறைநினைவும் உடையோராய், அநீதிக்கு ஆளான பின் தமக்காக எழுந்து நிற்போருக்கு விலக்களிக்கின்றன. சூரத்துன்னிஸாவின் 135ஆம் வசனமோ தனக்கும் தன் பெற்றோருக்கும் பாதகமானாலும் சாட்சியத்தில் நிலைத்து நிற்கப் பணிக்கிறது. சாட்சியத்துக்கு நடையழகு நிபந்தனையல்ல. கண்டவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

'பேச இயலாதவர்களுக்காகப் பேசுவது கடமையல்லவா?' என்று கேட்கலாம். கடமைதான். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டங்கள்தோறும் சென்று, தொழிலாளருக்குப் பழக்கமான மெட்டுகளில் அவர்களின் துயரைப் பாடினார். 1940இல் அவை நூலாகவும் வந்தன. ஆனால் அவர் தொழிலாளியின் பக்கத்தில் நின்று பாடியவர். நானோ பேசத் தெரிந்த பிள்ளையின் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அந்தப் படத்திலும் இந்தக் குறை இல்லாமலில்லை. தெருவில் பிறந்த சொற்களைத் திரையில் உரத்துச் சொன்னவர் ரன்வீர் சிங் என்ற பிரபல நட்சத்திரம்.

இப்போது எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்துகிறேன். பரிசுகள் குறைந்துவிட்டன, அதிபருக்கு வருத்தம். சில பேச்சுகள் கரடுமுரடாகத்தான் இருக்கின்றன. எனக்கும் கை துறுதுறுக்கிறது.

மறுமையில் நம் நாவுகளே நமக்குச் சாட்சி சொல்லும் என்று நம்புகிறவர்கள் நாம். பிள்ளைகளின் நாவுகளில் நான் ஏற்றிவைத்த பச்சைக் கம்பளங்களுக்கு அன்று யார் பொறுப்பு? அவர்களல்லர் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.